புதுப்பிப்பு: ஷேலாவில் வண்டி இல்லாமல் மூன்று மாதம்

குவாத்தமாலாவின் கெட்சால்தெனாங்கோவில் (ஊர்க்காரர்களுக்கு ஷேலா) சொந்த வண்டியில்லாமல் சமாளிக்க முடியுமா என்று முன்பு கேட்டிருந்தேன். முடிகிறது.

ஊருக்குள் மைக்ரோபஸ், வெளியூருக்கு மினெர்வா நிலையத்திலிருந்து பழைய அமெரிக்கப் பள்ளிப் பேருந்து. ஏறி உட்கார்ந்தபின் உதவியாளர் வந்து காசு வாங்குவார். மூன்று பேர் இருக்கையில் நான்காவதாக ஒட்டிக்கொள்வது தனிக் கலை.

முகவரியில்தான் ஏமாந்தேன். தெரு எண்ணை மட்டும் குறித்துக்கொண்டு ஸோனாவை (ஊரைப் பிரித்திருக்கும் எண்ணிட்ட பகுதி) விட்டுவிட்டேன். அதே எண் இன்னொரு ஸோனாவிலும் இருக்கும்! அரை மணி நேரம் வீண் நடை.

அப்புறம் குளிர். ஊர் 2,300 மீட்டருக்கு மேலே. வீடுகளில் ஹீட்டர் அபூர்வம். இரண்டு கம்பளி வாங்கிவிட்டேன், மூன்றாவதற்கு இடம் தேடுகிறேன்.