ஐம்பது நாள் நாட்டுக்குட்டியும் வாசிக்கும் நேரமும்: பழைய பயிற்சிப் புத்தகம் சொல்வது சரியா?

புதூர்வாசி

வணக்கம். வீட்டுக்கு நாட்டு நாய்க்குட்டி வந்து ஆறு நாள் ஆகிறது. பெண்குட்டி, வயது ஐம்பது நாள், எடை 2.4 கிலோ. மதுரை ஒத்தக்கடைக்கு அந்தப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தது. நாங்கள் இருப்பது கோ.புதூரில் மாடி வீடு. வாசலில் மண் கிடையாது, மேலே மொட்டை மாடி உண்டு. கூடத்தில் மொசைக் தரை. வீட்டில் நாலாம் வகுப்புப் படிக்கிற மகள், அப்பத்தா, நாங்கள் இரண்டு பேர்.

ராத்திரி ஏழரைக்கு டிவியை அணைத்துவிட்டு எல்லோரும் எதையாவது வாசிப்போம். மகள் கதைப் புத்தகத்தை அப்பத்தாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுவாள். இப்போது சரியாக அந்த நேரத்தில்தான் குட்டி பாவாடையைக் கடிக்கிறது, கூடத்தில் மூத்திரம் போகிறது. நேற்று கிளை நூலகத்துப் புத்தகம் ஒன்றின் முதுகைக் கடித்து, அதன் மேலேயே போய்விட்டது.

பழைய புத்தகக் கடையில் வாங்கிய நாய்ப் பயிற்சிப் புத்தகம் ஒன்றை இந்த வாரம் வாசித்தேன். மூத்திரம் போன இடத்தில் மூக்கைத் தேய்க்க வேண்டும், கடித்தால் மல்லாக்கப் போட்டுக் கழுத்தை அமுக்க வேண்டும், அப்போதுதான் யார் தலைவர் என்று புரியும் என்கிறது. மனசு ஒப்பவில்லை. அப்பத்தா பால்சோறு போதும் என்கிறார். ஊசி இன்னும் எதுவும் போடவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

---

வடக்குமாசி

மொதல்ல அந்தப் புத்தகத்தை மூடி வைங்க. உங்க மனசு ஒப்பாததுதான் சரி.

இந்த 'தலைவர்' கதை எங்கிருந்து வந்துச்சுன்னா, ருடால்ஃப் ஷெங்கல்னு ஒருத்தர் பாசல் மிருகக்காட்சிசாலையில அடைச்சு வச்ச ஓநாய்களைப் பார்த்து 1947ல எழுதினார். ஒண்ணுக்கொண்ணு சொந்தமில்லாத ஓநாய்களை ஒரே அடைப்புல போட்டா சண்டை வராம என்ன செய்யும்? அதை வச்சு 1970ல டேவிட் மெக் எழுதின ஓநாய் நூல்தான் அந்தக் கருத்தை ஊரெல்லாம் பரப்புச்சு. அப்புறம் காட்டு ஓநாய்களைப் பல வருசம் பின்தொடர்ந்து பார்த்துட்டு, கூட்டம்ங்கிறது தாய் தகப்பனும் பிள்ளைகளும் சேர்ந்த குடும்பம்தான்னு அதே மெக் 1999ல கட்டுரை எழுதித் திருத்திக்கிட்டார். பழைய புத்தகக் கடையில கிடைக்கிற பயிற்சி நூல்கள்ல நிறைய அந்தத் திருத்தத்துக்கு முந்தினது. வாங்கும்போது பதிப்பு வருசத்தைப் பாருங்க.

மூக்கைத் தேய்ச்சா குட்டி கத்துக்கிறது ஒண்ணே ஒண்ணுதான்: இவங்க பார்க்க மூத்திரம் போகக்கூடாது. அடுத்த நாள்லேர்ந்து கட்டிலுக்கு அடியில, பீரோவுக்குப் பின்னால போகும். மாடிக்குக் கூட்டிட்டுப் போய் நீங்க அரைமணி நேரம் நின்னாலும் உங்க முன்னால போகாது. அதைத் திருத்துறது ரொம்பக் கஷ்டம்.

இந்த வயசுல மூத்திரப்பை தாங்குறது பகல்ல ரெண்டு மணி நேரம், மிஞ்சிப்போனா மூணு. அதுவும் சும்மா படுத்திருந்தாத்தான். தூங்கி எந்திரிச்ச உடனே, சாப்பிட்டு அஞ்சுலேர்ந்து இருபது நிமிசத்துக்குள்ள, விளையாட்டை நிறுத்தின உடனே, இந்த மூணு நேரமும் தூக்கிட்டு மாடிக்குப் போயிடணும். நடத்திக் கூட்டிட்டுப் போனா படியிலயே முடிஞ்சிரும். மாடியில நிழலான ஒரு மூலையில ரெண்டடிக்கு ஒண்ணரையடி தட்டு வைங்க, விளிம்பு மூணு விரக்கடைக்கு மேல வேண்டாம். அதுல ரெண்டு அங்குலம் மணல். மொத தடவை, மூத்திரம் துடைச்ச துணியில ஒரு துண்டை மணல் மேல போட்டு வைங்க, வாசனை பிடிச்சு அங்கேயே போகும். போய் முடிச்ச நொடியில, அந்த இடத்துலயே கையில ஒரு மணி தீனி (நாய்த் தீனியில ஒரே ஒரு உருண்டை). வீட்டுக்குள்ள வந்து கொடுத்தா, உள்ள வந்ததுக்குக் கொடுத்ததா நெனச்சுக்கும்.

கூடத்துல போயிட்டா திட்டாம துடைங்க. துணியால ஒத்தி எடுத்துட்டு, துணி துவைக்கிற என்சைம் பவுடரை வெதுவெதுப்பான தண்ணியில கரைச்சு ஊத்தி, பத்து நிமிசம் ஊறவிட்டு, நல்ல தண்ணியில ரெண்டு தடவை துடைக்கணும். பினாயில் வேண்டாம். பாதத்துல ஒட்டினதை நக்கி வயித்துக்குள்ள போயிரும். வினிகர் ஊத்தச் சொல்லி நிறைய இடத்துல போட்டிருப்பாங்க. உங்களுது மொசைக். புளிப்பு அதிலிருக்கிற பளிங்குச் சில்லை அரிச்சுத் தரையைச் சொரசொரப்பாக்கிரும். அப்புறம் மூத்திரம் இன்னும் ஆழமா இறங்கி வாசனை நிக்கும், குட்டியும் அங்கேயே திரும்பப் போகும்.

---

யானைமலை அடிவாரம்

உடல்நலப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் ஊசி போடாத குட்டி வீட்டில் இருக்கிறது, பிள்ளையும் இருக்கிறது. பயிற்சி ஒரு வாரம் தள்ளிப்போனால் குற்றமில்லை. இது தள்ளக் கூடாது.

நாளைக்கே கால்நடை மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள். தரையில் விடாமல் ஒரு கட்டைப்பையில் பழைய துண்டை மடித்துப் போட்டு அதற்குள் வைத்தே கொண்டுபோங்கள், காத்திருக்கும் இடத்திலும் மடியிலேயே இருக்கட்டும். பார்வோ கிருமி தரையிலும் மண்ணிலும் மாதக்கணக்கில் சாகாமல் கிடக்கும். ஊசி போடாத குட்டிக்கு அது வந்தால் இரத்தக் கழிச்சலும் வாந்தியுமாக இரண்டு மூன்று நாளில் உயிரே போய்விடலாம்.

கூட்டுத் தடுப்பூசி (பார்வோ உள்படப் பல நோய்களுக்குச் சேர்த்துப் போடுவது) ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை, பதினாறு வாரம் முடியும்வரை போட வேண்டும். ஒரே ஊசியை ஏன் திரும்பத் திரும்ப என்று பலரும் இரண்டாவதோடு நிறுத்திவிடுகிறார்கள். தாயின் சீம்பாலில் வந்த எதிர்ப்பு இன்னும் உடம்பில் இருந்தால் அது ஊசியை வேலை செய்ய விடாது. அது எந்த வாரம் தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் கடைசி ஊசி பதினாறு வாரத்துக்கு முன்னால் முடியக் கூடாது. வெறிநோய் ஊசி மூன்று மாதத்தில், பிறகு ஒரு வருடத்தில் மறுபடி.

பூச்சி மருந்து தோட்டத்தில் கொடுத்திருக்க மாட்டார்கள். நாக்குப்பூச்சி தாயின் வயிற்றிலேயே குட்டிக்கு வந்துவிடும். பானை வயிறு, மெலிந்த முதுகு என்றால் சந்தேகமே வேண்டாம். இப்போதிலிருந்து மூன்று மாதம்வரை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, பிறகு ஆறு மாதம்வரை மாதம் ஒரு முறை. அளவு எடையைப் பொறுத்தது, ஆகவே ஒவ்வொரு தடவையும் எடை பாருங்கள். குட்டியைத் தூக்கிக்கொண்டு நீங்கள் எடைமேடையில் ஏறி, உங்கள் எடையைக் கழித்தால் போதும்.

வடக்குமாசி சொன்ன மணல் தட்டு நல்லது. ஒன்று சேர்க்கிறேன்: மலத்தை அன்றன்றைக்கே அள்ளிவிட வேண்டும். பூச்சி முட்டை மண்ணில் இரண்டு வாரத்துக்கு மேல் கிடந்தால்தான் தொற்றும் நிலைக்கு வரும். கொக்கிப்புழுவின் இளம்புழு அதற்கும் முன்பே தயாராகிவிடும், வெறுங்காலில் மிதித்தால் தோல் வழியாக ஏறும். வாரம் ஒரு முறை மணலை முழுதாக மாற்றுங்கள், மகள் அந்த மணலில் கை வைக்க வேண்டாம்.

கடி பற்றி. விளையாட்டுக் கடிதான், ஆனால் பல் பட்டுத் தோல் கீறினால் உடனே ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். இரத்தம் வராத கீறலுக்கும் தடுப்பூசி உண்டு. இரத்தம் வந்தால் அதோடு காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலினும் (உடனே வேலை செய்யும் ஆயத்த எதிர்ப்புப் பொருள்) போடுவார்கள். ஊசி முதல் நாள், பிறகு 3, 7, 28ஆம் நாள். சின்னக் குட்டிதானே என்று மஞ்சள் வைத்துவிட்டு இருந்துவிடாதீர்கள்.

தோட்டத்துக் குட்டி என்பதால் காது மடலிலும் விரலிடுக்கிலும் உண்ணி இருக்கும். முடி பிடுங்கும் இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். மாட்டுக்கு அடிக்கிற உண்ணி மருந்தை மட்டும் யார் சொன்னாலும் தொடாதீர்கள். இந்த எடைக்கு அது நஞ்சு.

சாப்பாடு: மூன்று மாதம்வரை நாளுக்கு நான்கு வேளை. பால்குடி மறந்த பிறகு பால் செரிக்கும் சக்தி குறைந்துகொண்டே போகும், பால்சோறு கழிச்சலில்தான் முடியும். பால்சோற்றில் புரதமும் போதாது. குட்டிகளுக்கான தீனியை வெந்நீர் ஆறின பதத்தில் பத்து நிமிடம் ஊறவைத்துக் கொடுங்கள். அவித்த முட்டை, எலும்பில்லாத அவித்த கோழி, கொஞ்சம் சோறு சேர்க்கலாம், ஆனால் மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம். வெறும் கறியும் சோறும் கொடுத்தால் சுண்ணாம்புச் சத்து போதாமல் முன்கால் வளையும். சாம்பார், குழம்பு எதுவும் வேண்டாம், வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்த அணுக்களைச் சிதைக்கும். பாயசத்தில் கிடக்கும் உலர்திராட்சையும், வெந்த கோழி எலும்பும் அப்படியே ஆபத்து.

தீனி ஊறவைக்கும் வேலையை அப்பத்தாவிடமே கொடுத்துவிடுங்கள். நாலு வேளையும் அவர் கையால் சாப்பிட்டால் பால்சோறு பேச்சு தானாக நின்றுவிடும். ஒரு கரண்டித் தயிர் போட்டால் குற்றமில்லை, தயிரில் அந்தப் பால் சர்க்கரை குறைவு.

---

பைண்டிங் கடை

புத்தகத்தைப் பத்தி யாரும் சொல்லலை, அதனால நான்.

நனைஞ்ச புத்தகத்தை வெயில்ல போடாதீங்க, தாள் அலையலையா வளைஞ்சிரும். வெள்ளைத் தாளால ஒத்தி எடுத்து, பத்து பக்கத்துக்கு ஒரு வெள்ளைத் தாள் செருகி, ஃபேன் காத்துல நிமித்தி வைங்க. அரைமணிக்கு ஒரு தடவை தாளை மாத்தணும். ஈரம் போனதும் நடுவுல தாள் வச்சே ரெண்டு கனமான புத்தகத்துக்கு அடியில ஒரு ராத்திரி. பளபளப்பான படத்தாள் புத்தகம்னா வேற கதை, காய்ஞ்சா ஒட்டிக்கும். ஈரமா இருக்கும்போதே பக்கம் பக்கமாப் பிரிக்கணும். நேரமில்லைன்னா பிளாஸ்டிக் கவர்ல போட்டு ஃப்ரீசர்ல வச்சுட்டு, நேரம் கிடைக்கும்போது எடுத்துப் பிரிங்க.

முதுகுல செலோடேப் ஒட்டாதீங்க. ரெண்டு மூணு வருசத்துல பசை மஞ்சளாகித் தாளையும் சேர்த்துக் கிழிக்கும். நூலகப் புத்தகத்தை நீங்களாச் சரிபண்ணவும் வேண்டாம். அப்படியே எடுத்துட்டுப் போய் நூலகர்கிட்ட காட்டுங்க, அதே புத்தகத்தைப் புதுசா வாங்கித் தர்றோம்னு சொல்லிப் பாருங்க.

அதை விட முக்கியம் குட்டிக்கு. முதுகைத்தான் தேடிக் கடிக்குதுன்னா காரணம் அங்க இருக்கிற பசை. பழைய பைண்டிங்குல மைதாப் பசையோ வஜ்ஜிரமோ (விலங்குத் தோல், எலும்புல காய்ச்சின பசை) இருக்கும், ரெண்டும் நாய்க்குத் தின்கிற பொருள்தான். மைதாப் பசையில பூச்சி வராம இருக்க மயில்துத்தம் (நீல நிறச் செம்பு உப்பு) கலக்குறது வழக்கம். அது வயித்தைப் புண்ணாக்கி வாந்தி எடுக்க வைக்கும். கடிச்ச துண்டுகளைச் சேர்த்து வச்சுப் பாருங்க, எவ்வளவு உள்ள போச்சுன்னு தெரியும். வாந்தி வந்தா அந்தத் துண்டோட மருத்துவர்கிட்ட போங்க.

புத்தக அலமாரியில பாச்சை உருண்டை போட்டிருந்தா இன்னைக்கே எடுத்துருங்க. ஒரே ஒரு உருண்டை ரெண்டு கிலோ குட்டிக்குப் பெரிய ஆபத்து. பிள்ளைகள் பத்திரிகை நடுவுல இருக்கிற பின்னையும் கழட்டிட்டு நூலால தச்சுருங்க. கீழ ரெண்டு தட்டைக் காலி பண்ணிட்டுப் புத்தகத்தையெல்லாம் இடுப்பு உயரத்துக்கு மேல ஏத்திருங்க.

---

வடக்குமாசி

பைண்டிங் கடை அண்ணன் சொன்ன மயில்துத்தம் விசயம் ரொம்ப அவசியமானது. இனி அந்த ஏழரை மணி.

குட்டி ஒரு நாளைக்குப் பதினெட்டு மணி நேரம் தூங்கணும். வீட்டு ஆட்கள் எல்லாம் திரும்பி வர்ற சாயந்திரம் ஆளாளுக்குத் தூக்கிக் கொஞ்சித் தூக்கம் கெட்டுப்போகுது. ஏழரைக்குப் பாவாடையைப் பிடிச்சு இழுக்கிறது தூக்கம் கெட்ட குட்டி. அஞ்சரையிலிருந்து ஆறே முக்கால்வரை ஒரு அறையில படுக்க விடுங்க, யாரும் தொட வேண்டாம். எந்திரிச்சதும் மாடி. அப்புறம் சாப்பாடு, அதுல ஒரு கைப்பிடி தீனியை ஊறவைக்காம எடுத்து வச்சுக்கங்க. பத்து நிமிசம் விளையாட்டு, மறுபடி மாடி. இப்ப மணி ஏழரை.

அப்பத்தாவோட பழைய சேலையை நாலா மடிச்சு, மகள் உட்கார்ற இடத்துக்குப் பக்கத்துல போடுங்க. குட்டி அதுல கால் வச்ச உடனே முன்னங்கால் ரெண்டுக்கும் நடுவுல ஒரு மணி தீனி. மொத நாள் அஞ்சு நொடிக்கு ஒண்ணு, மூணு நிமிசத்தோட முடிச்சிருங்க. மகள் மெதுவா வாசிக்கட்டும். ரெண்டு மூணு நாள்ல குட்டி உட்காரும், அப்புறம் படுக்கும். படுத்ததும் கணக்கை மாத்துங்க: பக்கம் திருப்பும்போதெல்லாம் ஒரு மணி. தாள் சத்தம் கேட்டதும் காதை நிமிர்த்தி, எந்திரிக்காம மகள் கையைப் பார்த்தா பாடம் ஏறிருச்சுன்னு அர்த்தம். அதுக்கப்புறம் ரெண்டு பக்கத்துக்கு ஒண்ணு, அத்தியாயத்துக்கு ஒண்ணு.

இதுல தப்பு நடக்கிற இடம் ரெண்டு. தீனியை உயரமாப் பிடிச்சா குட்டி தாவும், கை தரையை ஒட்டியே போகணும். குரைச்ச பிறகு கொடுத்தா, குரைச்சா கிடைக்கும்னு ஆயிரும். குரைச்சா நேரம் அதிகமாப் போயிருச்சுன்னு எடுத்துக்கிட்டு, அமைதியானதும் ஒண்ணு கொடுத்து முடிச்சிருங்க.

பாவாடையைக் கடிச்சா இழுக்கக்கூடாது, இழுத்தா விளையாட்டாயிரும். அசையாம நின்னு, ஈரத்துணியை முறுக்கி ஃப்ரீசர்ல வச்சதை வாயில கொடுங்க. மூணரை மாசத்துலேர்ந்து ஆறு மாசம்வரை பால்பல் இருபத்தெட்டும் விழுந்து நாப்பத்திரண்டு முளைக்கும், அப்ப இதுதான் கைகொடுக்கும். பழைய செருப்பை விளையாடக் கொடுக்காதீங்க. புதுசுக்கும் பழசுக்கும் அதுக்கு வித்தியாசம் தெரியாது.

---

புதூர்வாசி

எல்லோருக்கும் நன்றி. பாச்சை உருண்டையை அலமாரியிலிருந்து எடுத்துவிட்டோம், காலையில் மருத்துவரிடம் போகிறோம். ஒரே ஒரு சந்தேகம். பதினாறு வாரம்வரை கீழே விடக் கூடாது என்றால் தெருச் சத்தத்துக்குப் பயந்த குட்டியாக வளராதா? எங்கள் தெருவில் கோயில் திருவிழாவுக்கு மேளமும் வேட்டும் பலமாக இருக்கும்.

---

யானைமலை அடிவாரம்

நல்ல கேள்வி. மூன்றிலிருந்து பதினான்கு வாரம்வரை பார்த்ததும் கேட்டதும்தான் பிறகு அதற்குப் பழக்கமானதாகத் தோன்றும். அதனால் அடைத்து வைக்க வேண்டாம், தரையில் விடாமல் காட்டுங்கள். அதே கட்டைப்பையில் தலை மட்டும் வெளியே தெரிய, தெருமுனை டீக்கடை, பள்ளிக்கூடம் விடும் நேரம், பேருந்து நிறுத்தம் என்று நாளுக்குப் பத்து நிமிடம். ஹெல்மெட் போட்டவர், குடை பிடித்தவர், தாடிக்காரர், தள்ளுவண்டி எல்லாம் பார்க்கட்டும். ஒவ்வொன்றைப் பார்த்ததும் ஒரு மணி தீனி.

மேளத்தையும் வேட்டையும் போனில் போட்டு, சாப்பிடும்போது காதில் விழுந்தும் விழாத அளவில் தொடங்குங்கள். குட்டி சாப்பாட்டை விட்டுத் தலையைத் தூக்கினால் சத்தம் கூடிவிட்டது, இரண்டு படி குறையுங்கள். மூன்று நாளுக்கு ஒரு முறை ஒரு படி கூட்டினால் போதும். நிஜ வேட்டுச் சத்தத்துக்கு நடுவில் மட்டும் தூக்கிக்கொண்டு போய் நிறுத்தாதீர்கள். அன்றைக்கு உள்ளறையில் சன்னலைச் சாத்தி, ஃபேனை வேகமாக வைத்து, யாராவது ஒருவர் கூட இருங்கள். மகள் வாசிப்பதானால் அந்தச் சேலையையும் அந்த அறைக்கே கொண்டுபோய்விடுங்கள்.