இண்டிக்னேஷன்: ‘அறச்சீற்றம்’ போதுமா?

அன்புடையீர்,

‘இண்டிக்னேஷன்’ (indignation) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் ‘பொறாச்சினம்’ முதலிய சொற்கள் முன்மொழியப்பட்டுள்ளன. ‘அறச்சீற்றம்’ வழக்கில் இருக்கும்போது புதுச்சொல் எதற்கு என்ற கேள்வி நியாயமானதே. ஆனால் ஆங்கிலத்தார் இண்டிக்னேஷனுக்கு முன்னால் ‘ரைட்டியஸ்’ (righteous, அறம் சார்ந்த) என்ற அடையை அடிக்கடி சேர்த்துக்கொள்கிறார்கள். அறம் சொல்லுக்குள்ளேயே உறைந்திருந்தால் அந்த அடைக்கு வேலை இராது. பயணச்சீட்டு இல்லாமல் பிடிபட்டவர், “என்னையா கேட்கிறீர்கள்?” என்று பரிசோதகரிடம் எகிறுவதையும் ஆங்கிலக் கதாசிரியர் இண்டிக்னேஷன் என்றே எழுதுவார், அங்கே அறச்சீற்றம் என்று போட்டால் வாசகர் சிரித்துவிடுவார்.

இச்சொல் லத்தீனின் ‘டிக்னுஸ்’ என்பதிலிருந்து வருகிறது. தகுதியுடைய என்பது அதன் பொருள். ‘இன்’ என்ற எதிர்மறை முன்னொட்டுச் சேர, ஒன்றைத் தகாதது எனக் கருதிச் சினத்தல் என்றாகிறது. கண்ணியத்தைக் குறிக்கும் ‘டிக்னிட்டி’யும் இதே வேரில் கிளைத்ததே. ஆக, இச்சினத்தின் கரு தீங்கு அன்று, தகாமை. அரிஸ்டாட்டில் தம் ‘ரெட்டரிக்’ நூலின் இரண்டாம் பகுதியில், தகுதியற்றவருக்கு வாய்த்த நல்வாழ்வைக் கண்டு எழும் வருத்தத்தை இரக்கத்துக்கு எதிர்நிலையாக வைக்கிறார். தகாத துன்பத்தைக் கண்டு வருந்துவது இரக்கம், தகாத நன்மையைக் கண்டு வருந்துவது இது. ஆங்கில மொழிபெயர்ப்பாளர்கள் இதற்கு இண்டிக்னேஷன் என்ற சொல்லையே ஆள்கிறார்கள். இதைப் பொறாமையோடு குழப்பலாகாது என்றும், பொறாமை நம்மை ஒத்தவர் பெற்ற நலத்தைக் கண்டு எழுவது என்றும் அவரே பிரித்துக் காட்டுகிறார். ‘பொறாச்சினம்’ என்ற முன்மொழிவை நான் ஏற்கத் தயங்குவது இதனால்தான். எதிலிருந்து விலக்க வேண்டுமோ அதையே அது நினைவூட்டுகிறது.

‘வெகுளி’ என்று சொல்லலாமே எனில், அது தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாடுகளுள், அதாவது உடலில் வெளிப்படும் உணர்ச்சிகளுள், சினத்துக்கு வைத்த சொல். உறுப்பறை (உறுப்பை அறுத்தல்), குடிகோள் (குடியினரை நலிதல்), அலை (வைதும் அடித்தும் வருத்துதல்), கொலை என அதற்கு அவர் கூறும் நான்கு நிலைக்களன்களும் தீங்குகளே. தகாமை அவற்றுள் இல்லை. அது கிடக்க, ‘வெகுளியான பெண்’ என்றால் இன்று சூதுவாது அறியாதவள் என்றல்லவா பொருள்! ‘தார்மீகக் கோபம்’ அறச்சீற்றத்தின் குறையை அப்படியே உடையது. மேலும், சீற்றம் வெளிப்பட்டே தீர்வது, கடல் சீற்றம் என்கிறோமே, அதுபோல. இண்டிக்னேஷனோ வாய் திறவாமல் முகம் இறுகி நிற்பதாகவும் இருக்கலாம். எனவே சீற்றத்தைவிடச் ‘சினம்’ பொருந்தும்; அதற்கு முன்னே நிற்கப் பொருத்தமான ஒரு சொல் வேண்டும். ‘தகாச்சினம்’ சுருக்கமானது, ஆனால் தகாச்சொல், தகாச்செயல் போலச் சினமே தகாதது என்று பொருள்பட்டுவிடும். ஆகவே ‘தகாமைச்சினம்’ என்பதை முன்மொழிகிறேன்.

இண்டிக்னேஷனுக்கு நெருக்கமாகத் தோன்றும் ‘அவுட்ரேஜ்’ (outrage) என்ற ஆங்கிலச் சொல்லை இதனோடு சேர்க்க வேண்டாம். அதில் கடுஞ்சினத்தைக் குறிக்கும் ‘ரேஜ்’ (rage) ஒளிந்திருப்பதாகத் தோன்றினாலும், அப்பால் என்னும் பொருளுடைய லத்தீன் ‘உல்ட்ரா’வின் வழியே பழைய பிரெஞ்சில் வரம்பு மீறலைக் குறித்த சொல் அது. செயலைக் குறிக்குமிடத்து அட்டூழியம், உணர்வைக் குறிக்குமிடத்துக் கொதிப்பு என இரண்டாகப் பிரித்தால் போதும்.

உளவியல், மெய்யியல் நூல்களுக்குத் தகாமைச்சினம், ‘ரைட்டியஸ்’ சேர்ந்துவரும் இடத்துக்கு மட்டும் அறச்சீற்றம் என்பது என் பரிந்துரை. புனைகதையில் இவற்றைத் திணிக்க வேண்டியதில்லை. ‘பொறுக்க மாட்டாமல்’ என்பதே பல இடங்களில் தாங்கும். ‘இண்டிக்னன்ட்’ என்ற பெயரடைக்குத் ‘தகாமைச்சினமுற்ற’ என்பது நாவில் இடறுகிறது; அதற்குச் சுருக்கமான வடிவம் தோன்றுவோர் எழுதுங்கள்.