கறிக்கடையில துடிச்ச சதை: உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருக்கா?

பெரம்பூர்வாசி:
ஞாயித்துக்கிழமை காலை, வழக்கமா வாங்குற கடைதான். அப்பதான் உரிச்சுத் தொங்கவிட்டிருந்தாங்க. தொடைக்கறி கேட்டேன். பாய் ஒரு துண்டை அறுத்துக் கட்டை மேல போட்டார், அது துடிச்சுது. யாரும் தொடலைங்க. ஒரு விரல் அகலத்துக்குச் சதை சுருங்குது, விடுது, பக்கத்துலயே இன்னொரு இடம் சுருங்குது. தலை ஒரு பக்கம் கிடக்குது, இது யார் சொல்லித் துடிக்குது? "புதுக்கறி சார், அப்படித்தான் இருக்கும்"னு பாய் சிரிக்கிறார். வீட்டுல எல்லாரும் நல்லாச் சாப்பிட்டாங்க. எனக்குத்தான் தொண்டையில இறங்கலை. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பழைய லேப் கோட்:
யாரும் சொல்லித் துடிக்கலை சார். மூளையும் நரம்பும் உத்தரவு போடுறதோட சரி, சுருங்குறதுக்கு வேண்டிய சரக்கு மொத்தமும் சதைக்குள்ளதான் இருக்கு. வெந்த கறியைப் பிய்ச்சா நார் நாரா வருதே, அதுல ஒவ்வொரு நாரும் பல தசை இழைகள் சேர்ந்த கட்டு. ஒரு இழைங்கிறது ஒரே ஒரு செல். அதுக்குள்ள ஆக்டின், மயோசின்னு ரெண்டு வகை மெல்லிய புரத இழைகள் அடுக்கடுக்கா இருக்கு. மயோசினோட தலைகள் ஆக்டினைப் பிடிச்சு இழுக்கும், ஒண்ணு மேல ஒண்ணு வழுக்கும். இந்தப் புரத இழை எதுவும் நீளத்துல குறையாது, ஆனா மொத்தத் தசையும் சுருங்கிடும். 1954ல ரெண்டு குழுக்கள் தனித்தனியா இதைக் கண்டுபிடிச்சு, நேச்சர் பத்திரிகையோட ஒரே இதழ்ல எழுதினாங்க. ரெண்டு குழுவிலயும் ஒரு ஹக்ஸ்லி, ஆனா சொந்தக்காரங்க இல்லை!

கத்தி பட்டதும் செல்லுக்குள்ள இருக்கிற பைகள்லருந்து கால்சியம் கசியும், அதுதான் "பிடி"ங்கிற சைகை. செல்லோட எரிபொருளான ஏடிபி மிச்சம் இருக்கிற வரைக்கும் பிடிக்கும், விடும். அதான் நீங்க பார்த்தது.

எனக்கு மறக்காதது முதல் வருஷ லேப். தவளை எப்பவோ போயாச்சு. அதோட கெண்டைச்சதை மட்டும் கொக்கியில தொங்குது, ஷாக் கொடுக்கக் கொடுக்க, புகை பூசின டிரம்ல ஊசி கோடு கிழிக்குது. விடாம கொடுத்துக்கிட்டே இருந்தோம். கோடு உயரத்துல குறைஞ்சுது, அது எதிர்பார்த்ததுதான். ஆனா கீழ இறங்குறதும் இழுபட ஆரம்பிச்சுது. சுருங்கின சதையால சட்டுனு விட முடியலை! கால்சியத்தைத் திரும்பப் பைக்குள்ள அனுப்பவும் ஏடிபி வேணும், மயோசின் பிடியை விடவும் ஏடிபி வேணும். சுருங்கத்தான் சக்தி வேணும், தளர்றது சும்மா நடக்கும்னு அதுவரைக்கும் நினைச்சிருந்தேன்.

காசிமேட்டு மருமகள்:
இதுக்குத்தான் எங்க மாமியார் மீனை நடுவுல பிடிச்சுத் தூக்கிப் பார்ப்பாங்களா! வால் தொங்குச்சுன்னா கீழ வெச்சுடுவாங்க, விறைச்சு நின்னாத்தான் விலையே கேப்பாங்க. ஒரு தடவை கடைக்கார அம்மா, "இப்பதான் போட்லருந்து எறங்குச்சு, இன்னும் விறைக்கல"ன்னாங்க பாருங்க, ரெண்டு பேருக்கும் அரை மணி நேரம் சண்டை.

பழைய லேப் கோட்:
ரெண்டு பேர் சொன்னதும் சரிதான். செத்த உடனே தளர்வா இருக்கும், ஏடிபி தீர்ந்ததும் பிடிச்ச பிடி விடாம விறைக்கும், அப்புறம் புரதம் சிதைஞ்சு மறுபடி தொங்கும். தளர்வா இருந்தா செவுளைப் பாருங்க.

ஈசிஆர் ஓட்டம்:
ஈசிஆர் ரோட்டுல அக்கரைங்கிற ஊர் தாண்டி ஓடிக்கிட்டிருந்தப்ப கெண்டைக்கால் பிடிச்சுது. தோலுக்கு அடியில சதை உருண்டு மேல ஏறுறதைக் கண்ணால பார்த்தேன். டீக்கடை அண்ணன் ஓடி வந்து, கால் விரலைப் பிடிச்சு முட்டிப் பக்கமா மடக்கினார், மெல்ல இறங்குச்சு. மறுநாள் மாடிப்படி இறங்க முடியலை, ஓடும்போது சதையில சேர்ற லாக்டிக் ஆசிட்தான் காரணம்.

புதுசா ஓடுறவங்களுக்குச் சொல்றேன். முதல் நாள் ராத்திரியே நல்லாத் தண்ணி குடிங்க. காலையில ஒரு வாழைப்பழம். அஞ்சு மணிக்கு முன்னாடி கிளம்பிடுங்க, ஏழு மணிக்கு மேல நம்ம ஊர் புழுக்கம் தாங்காது. வழியில இளநீர், கூட ஒரு சிட்டிகை உப்பு. ஷூ அரை சைஸ் பெருசா வாங்குங்க. பருத்தி சாக்ஸ் வேண்டவே வேண்டாம். முடிஞ்சதும் உடனே உக்காராதீங்க, நடங்க, இல்லைன்னா ஆசிட் சதையிலயே தங்கிடும். வாரத்துல ஒரு நாள் ஓய்வு. வீட்டுக்கு வந்து ஐஸ் தண்ணியில காலை வைங்க.

பரங்கிமலைப் படி:
ஓட்டம் பாஸ், இங்க யாரு ஷூ சைஸ் கேட்டா? லாக்டிக் ஆசிட் கதையை எப்பத்தான் விடுவீங்க? ஓடி முடிச்சு ஒரு மணி நேரம் போல ஆச்சுன்னா ரத்தத்துல லாக்டேட் (நீங்க சொல்ற ஆசிட் ரத்தத்துல இருக்கிற வடிவம்) பழைய அளவுக்கு வந்துடும். இதயமும் கல்லீரலும் அதை எடுத்துப் பயன்படுத்திக்கும். மறுநாள் வலிக்கிறதுக்குக் காரணம் இழையில விழுற நுண்ணிய சேதமும் அதனால வர்ற வீக்கமும். பாரம் தாங்கிக்கிட்டே சதை நீளும்போதுதான் அது அதிகம். பரங்கிமலை ஏறும்போது மூச்சுதான் வாங்கும், தொடை பேசாம இருக்கும். இறங்கும்போதுதான் தொடைச் சதை அப்படி நீளும். இறங்கின மறுநாள் பாருங்க, கழிவறையில உக்காரவே சுவரைப் பிடிக்கணும். பிடிப்புக்கு உப்புக் குறைவுதான் காரணம்னும் அடிச்சுச் சொல்ல முடியாது. களைச்ச சதைக்கு நரம்புலருந்து போற சைகை தாறுமாறாகிறதும் ஒரு காரணம்.

வேளச்சேரி அம்மா:
சண்டைக்கு நடுவுல வர்றேன். என் பையன் ஜிம்ல சேர்ந்த மொத நாளே தொடைக்குப் பயிற்சி. "இன்னும் பத்து, இன்னும் பத்து"ன்னு டிரெய்னர் விடவே இல்லையாம். வலின்னு படுத்தான், சரி புதுசுதானேன்னு இருந்தோம். அதுக்கு அடுத்த நாள் பாத்ரூம்லருந்து "அம்மா, இங்க வாயேன்"னு கூப்பிட்டான், குரலே சரியில்லை. சிறுநீர் காபி டிகாக்ஷன் நிறத்துல இருந்துச்சு.

அன்னைக்கே அட்மிட் பண்ணிட்டாங்க. ரத்தத்துல சிகேன்னு ஒண்ணு பார்த்தாங்க, சதை செல்லுக்குள்ள இருக்கிற என்சைமாம். சில நூறுக்குள்ள இருக்க வேண்டியது பல்லாயிரத்துல இருந்துச்சு. சதை செல் உடைஞ்சு உள்ள இருக்கிற மயோகுளோபின்கிற புரதம் வெளிய வருது, அது கிட்னியைக் கெடுக்கும்னு டாக்டர் சொன்னார். பாட்டில் பாட்டிலா சலைன் ஏத்தினாங்க. நல்லவேளை, டயாலிசிஸ் வரைக்கும் போகலை. எந்த ஜிம்னு கேக்காதீங்க, சொல்ல மாட்டேன்.

ஈசிஆர் ஓட்டம்:
அம்மா, தம்பிக்குப் புரோட்டீன் பவுடர் கொடுக்குறீங்களா? நான் ஒரு பிராண்டு...

வேளச்சேரி அம்மா:
வேண்டாம் தம்பி. டாக்டர் சொல்ற வரைக்கும் ஜிம் பக்கமே போகக்கூடாது.

பரங்கிமலைப் படி:
பாஸ், லாக்டேட்டுக்கு இன்னும் பதில் வரலை.

ஈசிஆர் ஓட்டம்:
எங்க கோச் இருபது வருஷமா ஓடுறவர், அவர்கிட்ட கேட்டுட்டு வர்றேன். இளநீரை மட்டும் யாரும் குறை சொல்லாதீங்க.