செவீயாவில் கடைசி நாள்: ஹிரால்டா கோபுரமும் திரியானா இரவும்

ஸ்பெயினின் செவீயாவிலிருந்து ஊர் திரும்புவதற்கு முந்தைய நாள், இனி ஓடி ஓடிப் பார்ப்பதில்லை என்று நானும் என் கணவரும் பேசி வைத்துக்கொண்டோம். அல்காசார் அரண்மனை, பிளாசா தே எஸ்பான்யா எல்லாம் முன்பே பார்த்தாகிவிட்டது. பாக்கி இருந்தது பேராலயமும், ஆற்றுக்கு அக்கரையில் உள்ள திரியானாவும்தான். அப்போது மார்ச் கடைசி. தெருவுக்குத் தெரு ஆரஞ்சு மரங்கள் பூத்து ஊரே மணந்தது. கோடையில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர் இது. நடந்து பார்க்க நினைப்பவர்கள் வசந்த காலத்தில் போவதுதான் நல்லது.

என் கணவருக்கு முழங்கால் வலி உண்டு. கோபுரம் என்றாலே கீழே உட்கார்ந்துகொண்டு, "நீ போயிட்டு வாம்மா, நான் இங்கேயே இருக்கேன்" என்பார். பேராலயத்தின் ஹிரால்டா கோபுரத்திலும் அதையேதான் சொன்னார். வாசலில் நின்ற பெண் ஊழியர் அவர் காலைத் தாங்கி நடப்பதைப் பார்த்துவிட்டு, "ராம்பா, ராம்பா" என்று உள்ளங்கையைச் சாய்த்துக் காட்டினார். உள்ளே போனால் படிக்கட்டே இல்லை, சுற்றிச் சுற்றி ஏறும் சரிவுப் பாதை! 12-ஆம் நூற்றாண்டில் இந்த ஊரை ஆண்ட அல்மொஹாது என்ற முஸ்லிம் வம்சத்தார் பெரிய மசூதியின் மினாராகக் கட்டியது இது. தொழுகைக்கு அழைப்பவர் குதிரையிலேயே மேலே போக வசதியாகச் சரிவு வைத்தார்கள் என்பார்கள். மொத்தம் 35 சரிவுகள். ஒவ்வொரு திருப்பத்திலும் எண் போட்டிருக்கிறது. கடைசியில் மட்டும் கொஞ்சம் படிகள்.

பாதி தூரத்தில் ஒரு ஜன்னலோரம் வயதான ஸ்பானியத் தம்பதி ஒன்று இளைப்பாறிக்கொண்டிருந்தது. அந்தப் பெரியவர் இவரைப் பார்த்ததும் தன் முழங்காலைத் தட்டிக் காட்டினார். இவரும் தன்னுடையதைத் தட்டிக் காட்டினார். அப்புறம் மொழி எதற்கு? நான்கு பேரும் சேர்ந்து, ஜன்னலுக்கு ஜன்னல் நின்று, மெதுவாக மேலே போய்ச் சேர்ந்தோம். வடக்கே சோரியாவிலிருந்து வந்தவர்கள் என்று வரைபடத்தில் தொட்டுக் காட்டினார்கள். மணிகளுக்குக் கீழே நின்று, ஆரஞ்சு மர முற்றத்தையும் வெள்ளை மாடிகளையும் என் கணவர் பார்த்துக்கொண்டே இருந்தார். இந்தப் பயணத்தில் அவர் ஏறிய ஒரே கோபுரம் இதுதான். முழங்கால் வலியோடு போகிறவர்கள் இதைத் தைரியமாக முயற்சி செய்யலாம்.

கீழே கொலம்பஸ் சமாதி இருக்கிறது. கியூபா ஸ்பெயினின் கையைவிட்டுப் போனபோது ஹவானாவிலிருந்து கொண்டுவந்தது. ஸ்பெயினின் நான்கு பழைய அரசுகளைக் குறிக்கும் சிலைகள் பெட்டியைத் தோளில் சுமக்கின்றன. அவற்றில் ஒன்றின் ஈட்டி முனையில் மாதுளம்பழம் குத்தியிருக்கும், அதைத் தவறவிடாதீர்கள். ஸ்பானிய மொழியில் மாதுளைக்குக் 'கிரனாடா' என்றே பெயர்; 1492-இல் முஸ்லிம்களின் கையிலிருந்த கிரனாடா நகரம் வீழ்ந்ததைக் குறிப்பது அது.

வெளியே வரும்போது ஒரு எச்சரிக்கை. ரோஸ்மேரிக் கொத்தைக் கையில் திணித்து, ரேகை பார்த்துவிட்டுப் பணம் கேட்கும் பெண்கள் அங்கே நிற்பார்கள். கையை நீட்டாமல் புன்னகையோடு தலையசைத்துவிட்டு நடந்தால் போதும், தொந்தரவு செய்யமாட்டார்கள்.

மதியச் சாப்பாடு. நாங்கள் சைவம். கீரையும் கொண்டைக்கடலையும் சீரகம், பூண்டு சேர்த்துச் சமைக்கும் 'எஸ்பினாகாஸ் கோன் கர்பான்ஸோஸ்' இந்த ஊரின் பழைய பதார்த்தம். சுடச்சுட வந்தது, அருமை. தக்காளியில் செய்யும் சல்மொரெஹோ என்ற குளிர்ந்த சூப்பும் நன்றாக இருக்கும். ஆனால் அதன்மேல் பன்றி இறைச்சித் துருவலும் முட்டையும் தூவிவிடுவார்கள். "சின் ஹமோன், சின் உவேவோ" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். நாங்கள் சொன்னதைக் கேட்ட பரிமாறுபவர் சமையலறைக்குள் தலையை நீட்டி உரக்க இரண்டு முறை சொன்னார். தட்டு வந்ததும் தானே ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் வைத்தார்.

பாலம் தாண்டினால் திரியானா, ஓடு செய்யும் குயவர்கள் வாழ்ந்த பேட்டை. ஒரு சின்னக் கடையில் எங்கள் வீட்டுக் கதவு எண்ணுக்கான நீலநிற ஓடுகளை வாங்கினோம். கடைக்காரர் அம்மா ஒவ்வொன்றையும் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார்.

இரவு ஒன்பது மணிக்கு மேல், விடுதிக்குத் திரும்பலாம் என்று நடக்கும்போது ஒரு சந்தில் கூட்டம். நடுவே ஒரு பெரிய மரச்சட்டம் ஆடி அசைந்து வருகிறது. சிலை இல்லை, பூ இல்லை, மேலே பாரத்துக்காக அடுக்கிய மூட்டைகள் மட்டும். அடியில் முப்பது, நாற்பது ஜோடிக் கால்கள். புனித வார ஊர்வலத்துக்கான ஒத்திகையாம். ஏசு, மாதா சிலைகளோடு ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள மேடைகளை இவர்கள்தான் மணிக்கணக்கில் சுமக்கிறார்கள். 'கோஸ்தலேரோ' என்று பெயர். முன்னால் நடக்கும் தலைவர் சுத்தியலால் தட்டியதும் அத்தனை பேரும் ஒரே மூச்சில் எழும்புகிறார்கள். எனக்குச் சிலிர்த்துவிட்டது.

நாங்கள் ஸ்ரீரங்கத்துக்காரர்கள். எங்கள் கோயில் உற்சவரான நம்பெருமாளைத் தோளில் எழுந்தருளப் பண்ணும் ஸ்ரீபாதம் தாங்கிகளைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவர்கள். அதே அடி, அதே ஒழுங்கு.

ஆள் மாற்றுவதற்காகக் கூடவே நடந்துவந்த ஒரு இளைஞர் ஆங்கிலம் பேசினார். பாரம் தோளில் இல்லை, கழுத்தின் பின்பக்க எலும்பில் இறங்கும் என்று தொட்டுக் காட்டினார். அதற்காகத்தான் தலையில் துணி மடித்துக் கட்டுகிறார்கள், இடுப்பிலும் இறுக்கிச் சுற்றிக்கொள்கிறார்கள். தன் அப்பாவும் இதே மேடையைச் சுமந்தவர் என்றார். என் கணவர் உடனே போனை எடுத்து, பெருமாள் சிம்மகதியில், அதாவது சிங்க நடையில், புறப்படும் வீடியோவைக் காட்டினார். அந்தப் பையன் நண்பர்களைக் கூப்பிட, ஐந்தாறு பேர் சுற்றி நின்று பார்த்தார்கள். எத்தனை கிலோ, எத்தனை பேர், ஏன் தோளில் தூக்குகிறார்கள், எங்கே பழகுகிறார்கள் என்று கேள்விமேல் கேள்வி! தெரிந்தவரை சொன்னோம். வீடியோவையும் அனுப்பிவைத்தோம்.

ஈஸ்டருக்கு முந்தைய வாரங்களில் போகிறவர்கள் இந்த ஒத்திகையை அவசியம் பாருங்கள். டிக்கெட் எதுவும் கிடையாது. பெரும்பாலும் இருட்டியபிறகுதான் நடக்கும். எந்தத் தெரு என்று பக்கத்துக் கடைகளில் விசாரித்தால் சொல்லிவிடுவார்கள்.