சாக்ஸ் கணுக்காலில் தொளதொளக்குது, குதிகால் மூலையில் ஓட்டை. எங்கே தப்பு?

நூல்கண்டு கேட்கிறார்:

வணக்கம். மேலிருந்து கீழாகப் பின்னும் சாதாரண சாக்ஸ் இது. நூல் 100 கிராமுக்கு 400 மீட்டர், 75 சதவீதம் கம்பளி, 25 சதவீதம் நைலான், மெஷினில் துவைக்கக்கூடியது. 2.75 மி.மீ. ஊசி, ஐந்து ஊசி செட். பாதச் சுற்றளவு 22 செ.மீ., நீளம் 24 செ.மீ. மாதிரித் துண்டில் 10 செ.மீ.க்கு 30 கண்ணி வந்தது. முதல் ஜோடியில் மேல் விளிம்பு இறுக்கி குதிகாலில் ஏறவே இல்லை. அதனால் இந்த ஜோடிக்கு 72 கண்ணி போட்டேன்.

இப்போது விளிம்பு இன்னும் இறுக்கம்தான், ஆனால் கணுக்கால் ஒரு துவைப்புக்குப் பிறகு தொளதொள என்று இறங்குகிறது. குதிகால் மடிப்பும் (குதிகாலின் பின்புறத்தை மூடும் துண்டு) மேல்பாதமும் சேரும் இரண்டு மூலைகளிலும் ஓட்டை. குதிகாலின் அடிப்பகுதி இப்போதே மெலிந்து தெரிகிறது. எதிலிருந்து திருத்த வேண்டும்?

இன்னொன்று: ஒரு ஸ்கார்ஃபும் 40 செ.மீ. வரை வந்திருக்கிறது. முன்பக்கம் முழுக்க நிட் (நேர்ப்பின்னல்), பின்பக்கம் முழுக்க பர்ல் (எதிர்ப்பின்னல்). இரண்டு ஓரமும் சுருட்டிக்கொண்டு குழாய் மாதிரி நிற்கிறது. அயர்ன் பண்ணினால் சரியாகுமா?

ஊசிமுனை:

விளிம்பு இறுக்கமும் உடம்பு தொளதொளப்பும் தனித்தனிக் கோளாறு. விளிம்பு ஏறவில்லை என்று கண்ணியைக் கூட்டியதில்தான் மற்றது கெட்டது.

கணக்கைப் பாருங்க. 72 கண்ணி, 10 செ.மீ.க்கு 30 என்றால் 24 செ.மீ. சுற்றளவு. உங்க பாதம் 22. சாக்ஸ் காலைவிடச் சிறியதாக இருந்து, இழுபட்டு, பிடித்து நிற்க வேண்டும். சுமார் 10 சதவீதம் குறைக்கணும். 22-ல் 10 சதவீதம் போனால் 20 செ.மீ. உங்க கேஜுக்கே, அதாவது 10 செ.மீ.க்கு 30 கண்ணி என்ற கணக்குக்கே, 60 கண்ணி போதும். ஆனால் இந்த நூலுக்கு 2.75 ஊசி துணியைச் சல்லடையாக்கும். 2.25-க்கு இறங்கி 10 செ.மீ.க்கு 32 கண்ணி வருமாறு பாருங்க. அப்போது 64. இரண்டு நிட் இரண்டு பர்ல் என்று மாறி மாறி வரும் ரிப்புக்கு (வரிப் பின்னல்) நாலால் வகுபடுவதால் வசதியும்கூட.

மாதிரித் துண்டு தட்டையாகப் பின்னியதா? சாக்ஸ் சுற்றுப் பின்னல், அதன் உடம்பில் பர்ல் வரிசையே கிடையாது. பலருக்கு நிட்டும் பர்லும் ஒரே இறுக்கத்தில் வராது, அதனால் தட்டைத் துண்டின் எண்ணிக்கை சுற்றுப் பின்னலுக்குப் பொருந்தாது. குழாயாகப் பின்ன வேண்டாம்: வட்ட ஊசியில் 40 கண்ணி போட்டு, ஒரு வரிசை நிட் முடிந்ததும் திருப்பாமல் கண்ணிகளை மறுமுனைக்குத் தள்ளி, நூலைப் பின்பக்கம் தளர்வாகக் கொண்டுவந்து மறுபடி நிட். 8 செ.மீ. வந்ததும் துவைத்து, காயவைத்து, நடுவில் அளங்க. மெஷினில் துவைக்கும் கம்பளி நனைந்ததும் நன்றாக நீளும், துவைக்காத துண்டு பொய் சொல்லும்.

விளிம்புக்கு வருகிறேன். பெரிய ஊசியில் காஸ்ட் ஆன் செய்தால் (தொடக்கக் கண்ணி போட்டால்) முதல் வரிசைக் கண்ணி பெரிதாகும், அடிநூல் நீளாது. விளிம்பை நீளவிடுவது கண்ணிக்கும் கண்ணிக்கும் நடுவே கிடக்கும் நூல்தான். ஒவ்வொரு கண்ணியையும் போட்டதும் ஆள்காட்டி விரல் நுனியை அதன் பக்கத்தில் ஊசிமேல் வைத்து, அடுத்த கண்ணியை அதைத் தாண்டிப் போடுங்க. 64 கண்ணி போட, தொடக்கத்தில் வால்நூலாக ஒரு மீட்டர் விடலாம். முடிந்ததும் விளிம்பை இழுத்துப் பார்த்து, குதிகாலும் மேல்பாதமும் சேர்ந்த சுற்றளவுக்கு வரவில்லை என்றால் அங்கேயே அவிழ்த்துவிடுங்க.

இரட்டைமுடி:

ஓட்டையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். மடிப்பை எத்தனை வரிசை பின்னினீங்க, ஓரத்தில் எத்தனை எடுத்தீங்க?

நூல்கண்டு:

36 கண்ணியில் 36 வரிசை, ஒவ்வொரு வரிசையிலும் முதல் கண்ணியைப் பின்னாமல் அடுத்த ஊசிக்கு மாற்றினேன். அதனால் ஓரத்தில் இரண்டு வரிசைக்கு ஒன்றாக விழுந்த சங்கிலியில் 18 கண்ணி எடுத்தேன்.

இரட்டைமுடி:

அந்த 18 சரி, விட்டுப்போனது 19-வது.

குதிகால் மடிப்பு தனியாக முன்னும் பின்னும் பின்னப்படுகிறது, மேல்பாதக் கண்ணிகள் அதுவரை சும்மா காத்திருக்கின்றன. மூலையில் இரண்டையும் கட்டுவது ஒரே ஒரு கிடைநூல். எல்லா இழுப்பும் அதன்மேல் விழுவதால் அது வாய் பிளக்கிறது. அந்தக் கிடைநூலையே ஊசியால் தூக்கி, வளையத்தின் பின்பக்க இழை வழியாகக் குத்தி முறுக்கி நிட் பண்ணுங்க. முறுக்காமல் எடுத்தால் அதே ஓட்டை ஒரு கண்ணி தள்ளி வரும். இன்னும் இறுக்கி இழுத்தால் பக்கத்துக் கண்ணியின் நூல் உருவப்பட்டு ஓட்டை பெரிதாகும், அதனால் அந்த ஆசை வேண்டாம்.

64 கண்ணிக்கு முழுக்கணக்கு: மடிப்பு 32 கண்ணி, 32 வரிசை. குதிகால் திருப்பம் (குதிகாலை வளைக்கும் பகுதி): 18 நிட், எஸ்எஸ்கே (இரண்டு கண்ணியை ஒவ்வொன்றாக மாற்றி, சேர்த்து நிட்), ஒரு நிட், திருப்பு. ஒன்று மாற்றி, 5 பர்ல், இரண்டு சேர்த்து பர்ல், ஒரு பர்ல், திருப்பு. அடுத்த வரிசையில் நடுவில் 6 நிட், அதற்கடுத்து 7 பர்ல், இப்படி ஒவ்வொன்றாகக் கூட்டி, இடைவெளி தெரியும் இடத்தில் இருபக்கத்துக் கண்ணியையும் சேர்க்கணும். கடைசி இரண்டு வரிசையில் ஓரத்து ஒற்றைக் கண்ணி மிஞ்சாது. 18 கண்ணி நிற்கும். ஓரங்களில் 16, 16, மேல்பாதம் 32, மூலைக்கு ஒவ்வொன்று. மொத்தம் 84. அடுத்த சுற்றிலேயே மூலைக் கண்ணியைப் பக்கத்து ஓரக் கண்ணியோடு சேர்த்துவிட்டால் 82. பிறகு ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று, பக்கத்துக்கு ஒன்றாகக் குறைத்தால் 9 முறையில் 64.

ஊசிமுனை:

மெலிவதற்கும் பதில் வேண்டுமே. மடிப்பை முன்பக்க வரிசையில் ஒரு கண்ணியைப் பின்னாமல் மாற்றி அடுத்தது நிட், பின்பக்க வரிசையில் முதல் கண்ணியை மாற்றி மிச்சம் பர்ல் என்று பின்னினால், மாற்றிய கண்ணிக்குப் பின்னால் நூல் ஓடி இரட்டைக் கனம் தரும். ஆனால் மடிப்பு குதிகாலின் பின்புறத்தைத்தான் மூடுகிறது. தேய்வது திருப்பமும் அதன் கீழும், அங்கே வெறும் நிட். அதே மாற்றுப் பின்னலை உள்ளங்காலில் இன்னும் 3 செ.மீ. நீட்டுங்க. தொளதொள சாக்ஸ் உள்ளே வழுக்கி உரசுவதாலும் தேயும், அளவு சரியானால் பாதிச் சிக்கல் தீரும். இப்போது மெலிந்த இடத்தில் நூல் அறுவதற்கு முன்பே, மிச்ச நூலை ஊசியில் கோத்து, ஒவ்வொரு கண்ணியின் வழித்தடத்திலும் அப்படியே கூடவே ஓட்டுங்க. அறுந்த பிறகு வலை நெய்துதான் அடைக்க வேண்டிவரும்.

நீளம்: சாக்ஸ் 23 செ.மீ. போதும். விரல்முனைக்கு 4.5 செ.மீ. போகும் என்பதால் குதிகாலிலிருந்து 18.5-ல் குறைப்பைத் தொடங்குங்க. ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று 4 கண்ணி குறைத்து 32-க்கு வந்ததும், ஒவ்வொரு சுற்றிலும் குறைத்து 16. எட்டும் எட்டுமாகத் தையல் ஊசியால் கண்ணியோடு கண்ணி கோத்து இணைத்தால் மேடு தெரியாது.

வரிசைவேலி:

ஸ்கார்ஃப்: அயர்ன் பண்ணினாலும் நிற்காது. நிட் கண்ணியின் வளையம் தன் இயல்பான வளைவுக்குத் திரும்பப் பார்க்கிறது, அதனால் பக்க ஓரங்கள் பின்னுக்கும் மேல் கீழ் ஓரங்கள் முன்னுக்கும் சுருளும். கம்பளியை நனைத்து விரித்துக் காயவைத்தால் சில நாள் தட்டையாக இருந்து மறுபடி சுருளும். அக்ரிலிக்கில் சூடு பட்டால் நூலின் துள்ளலே போய்விடும், அதைத் திரும்பப் பெற வழியில்லை. ஓரத்தில் மூன்று நாலு கண்ணி கார்ட்டர் (எல்லா வரிசையும் நிட்) வைத்தாலும் அந்தப் பட்டையோடு சேர்ந்தே மடியும்.

40 செ.மீ.தானே, அவிழ்த்துவிடுங்க. இரண்டு நிட் இரண்டு பர்ல் ரிப், நாலின் மடங்கோடு 2 கூட்டி: முன்பக்கத்தில் இரு ஓரமும் நிட்டாக அமையும். ரிப் உள்ளிழுக்கும், அதனால் 20 செ.மீ. அகலம் வேண்டுமென்றால் தட்டையாக நீட்டிய அளவை நம்பாமல், சும்மா கிடக்கும்போது அளங்க. ரிப் பிடிக்காவிட்டால் விதைப் பின்னல்: ஒற்றைப்படைக் கண்ணி, எல்லா வரிசையும் நிட்டில் தொடங்கி ஒன்றுவிட்டொன்று.

நூல்கண்டு:

சாக்ஸையும் ஸ்கார்ஃபையும் அவிழ்த்துவிடுகிறேன். ஸ்கார்ஃபில் புது உருண்டையை ஓரத்தில் சேர்க்கலாமா?

வரிசைவேலி:

ஸ்கார்ஃபின் இரு ஓரமும் கண்ணில் படும், ஓரத்தில் வேண்டாம். பத்துப் பதினைந்து கண்ணி உள்ளே, பர்ல் பள்ளத்தில் சேர்த்து, இரண்டு வாலையும் எதிரெதிர்ப் பக்கம் ஒளியுங்க. ஈரப்படுத்தி உள்ளங்கையில் தேய்த்து ஒட்டும் முறை சாதாரணக் கம்பளிக்கு மட்டும். உங்க சாக்ஸ் நூல் போல மெஷினில் துவைக்கும் வகை என்றால் இழைகள் பின்னிக்கொள்ளாது, இழுத்தால் கழன்றுவிடும்.