மினார் உச்சியில மாதா: பார்த்தவங்க இருந்தா சொல்லுங்க

போருக்கு முன்னாடி நான் உக்ரைன்ல செர்னிவ்ட்சில எம்பிபிஎஸ் படிச்சிட்டு இருந்தேன். ஒரு லீவு நாள்ல ரூம்மேட்டோட பஸ் புடிச்சு கமியானெட்ஸ்-பொடில்ஸ்கி போனோம். எல்லாரும் அங்க கோட்டைக்குத்தான் போவாங்க, நாங்களும் அதுக்குத்தான் கிளம்பினோம், ஆனா பழைய டவுன்லயே புனித பீட்டர் பால் கதீட்ரல் முன்னாடி கால் நின்னுடுச்சு. கத்தோலிக்க சர்ச், அதோட முகப்ப ஒட்டியே ஒல்லியா, முப்பது மீட்டருக்கு மேல உசரமா ஒரு கல்லு மினார். ரூம்மேட் ஆம்பூர் பாய் வீட்டுப் பையன். "டேய், மோதினார் ஏறி பாங்கு சொல்ற மினாருடா இது, மேல யாரு நிக்குறது?"ன்னான். அண்ணாந்து பார்த்தா தங்க கலர்ல மாதா!

கதை என்னன்னா, 1672ல துருக்கி ஆட்டோமன் சாம்ராஜ்யத்தோட சுல்தான் நாலாம் மெஹ்மத் நேராவே படையோட வந்து போலந்துகிட்டேந்து இந்த ஊரப் புடிச்சிருக்காரு. கதீட்ரல மசூதியாக்கி பக்கத்துலயே மினார எழுப்பிட்டாங்க. 27 வருசம் ஓடுச்சு. 1699ல கார்லோவிட்ஸ் ஒப்பந்தத்துல ஊரு திரும்ப போலந்துக்கு வந்துடுச்சு, மசூதி மறுபடி சர்ச் ஆயிடுச்சு, மினார மட்டும் இடிக்கல. இடிக்கக் கூடாதுன்னு ஒப்பந்தத்துலயே கண்டிஷன் போட்டாங்கன்னு ஊர்ல சொல்றாங்க. அதனால 1756ல உச்சியில மாதாவ ஏத்திட்டாங்க, முலாம் பூசின செம்புச் சிலை, போலந்துல இருக்குற க்டான்ஸ்க் ஊர்ல செஞ்சது.

மாதா காலடியில பிறை இருக்கு. துருக்கிக்காரன ஜெயிச்சோம்னு காட்டத்தான்னு நிறைய பேர் சொல்லுவாங்க, ஆனா அமலோற்பவ மாதா (ஜென்மப் பாவம் இல்லாம உருவான மரியா) சிலையில வழக்கமாவே காலடியில பிறைதான், தலையச் சுத்தி 12 நட்சத்திரம், பைபிள்ல திருவெளிப்பாட்டுலயே வருதே. ரெண்டு அர்த்தமும் ஒண்ணா பொருந்திப்போச்சுன்னுதான் எனக்குத் தோணுது, செஞ்சவங்களுக்கும் அது தெரியாமயா இருந்திருக்கும்? கோட்டைக்குப் போறதுக்குள்ள சாயங்காலம் ஆயிடுச்சு, அது வேற கதை.

—

செம பதிவு ப்ரோ. நான் ஹங்கேரில எகர் போயிருக்கேன், அங்க மினார் தனியா அநாதையா நிக்குது. 1596ல ஆட்டோமன்காரங்க ஊரப் புடிச்சாங்க, 1687ல போயிட்டாங்க, கூட இருந்த மசூதிய 1841ல இடிச்சுட்டாங்க. 40 மீட்டர், 97 படி. படியா அது? ரெண்டு தோளும் சுவத்துல உரசுது, நடுவுல ஒருத்தர் எறங்கி வந்தார்னா அவ்ளோதான், யாராவது ஒருத்தர் பின்னாடியே போகணும். ஜெயிச்சவங்க நூத்துக்கணக்கான மாட்டைப் பூட்டி இழுத்துப் பார்த்தும் விழலன்னு அங்க ஒரு கதை இருக்கு. எங்க ஊர்ல தேர் இழுக்கவே ஜேசிபி வருது, அந்த மாடுங்கள நெனச்சாதான் பாவமா இருந்துச்சு.

—

நான் பார்த்தது அப்படியே உல்ட்டா. சைப்ரஸ்ல ஃபமகுஸ்தா, புனித நிக்கோலஸ் கதீட்ரல். 1571ல மசூதி ஆனது இன்னும் மசூதிதான், லாலா முஸ்தஃபா பாஷா மசூதின்னு பேரு. முகப்பு அப்படியே பிரான்ஸ்ல இருக்குற கோதிக் சர்ச், ஓரமா சின்னதா ஒரு மினார், சட்டுன்னு கண்ணுல படாது. உள்ள போனா வெள்ளையடிச்ச தூணு, கீழ தொழுகைக் கம்பளம், சிலை ஒண்ணு கிடையாது. வாசல்ல பெரிய அத்திமரம் ஒண்ணு, கதீட்ரல் கட்ட ஆரம்பிச்சப்பவே நட்டதாம்.

—

கமியானெட்ஸ் மினார்ல ஏறலாமா அண்ணா?

—

நாங்க போனப்ப விடலப்பா. கீழ நின்னு கழுத்து வலிக்க வலிக்க பார்த்ததுதான். ரூம்மேட் எடுத்த போட்டோல மாதா தலை கட் ஆயிடுச்சு, இல்லன்னா இங்க போட்டிருப்பேன்.