ஒரே தோட்டத்தை முப்பது வருஷம் பார்த்தது ஆய்வா, வெறும் பட்டியலா?

வேலிப்பருத்தி

வேறொரு இழையில் கணியன் "ஜெனிஃபர் ஓவன் செய்தது நல்ல பொழுதுபோக்கு, அதை ஆய்வு என்று ஏற்க மாட்டேன்" என்று எழுதியிருந்தார். அங்கே பேச்சு வேறு பக்கம் போய்விட்டதால் இங்கே தனியாகத் தொடங்குகிறேன்.

அவரைத் தெரியாதவர்களுக்காக: ஓவன் இங்கிலாந்தைச் சேர்ந்த விலங்கியலாளர். கணவர் டெனிஸ் ஓவனும் அதே துறை. ஆப்பிரிக்காவில் இருந்துவிட்டு வந்து லெஸ்டர் நகரத்தின் ஹம்பர்ஸ்டன் பகுதியில் குடியேறினார்கள். 1972 முதல் 2001 வரை அந்த வீட்டுத் தோட்டத்துக்குள் வந்த உயிர்களையெல்லாம் ஜெனிஃபர் பதிவு செய்தார். தோட்டம் மொத்தமே 741 சதுர மீட்டர். புல்தரை, பூப்பாத்தி, காய்கறிப் பாத்தி, சின்னக் குட்டை, மக்குக் குவியல் என்று அக்கம்பக்கத்து வீடுகளில் இருப்பது போலத்தான். பூச்சிமருந்து மட்டும் அடிக்கவில்லை. கிடைத்தவை 2,673 இனங்கள்: தாவரம் 474, பூச்சி 1,997, முதுகெலும்பற்ற பிற உயிர்கள் 138, முதுகெலும்புள்ளவை 64. மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் நோய் வந்து உடல் முடங்கத் தொடங்கியும் அவர் வேலையை நிறுத்தவில்லை. இதை எப்படிப் பொழுதுபோக்கு என்கிறீர்கள்?

கணியன்

அவருடைய உழைப்பை நான் குறைத்துப் பேசவே இல்லை. நான் புள்ளியியல் ஆள், என் கேள்வி அந்தப் பக்கத்திலிருந்து வருகிறது. ஒப்பிட்டுப் பார்க்க இரண்டாவது தோட்டம் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் ஒரு மரத்தை வெட்டினாலே இங்கே வரும் அந்துப்பூச்சிகளின் எண்ணிக்கை மாறும். அந்த மாற்றம் மரத்தால் வந்ததா, நாடு முழுக்க நடப்பதா என்று ஒற்றைத் தோட்டத்தை வைத்துச் சொல்ல முடியாது.

இன்னொன்று, 2,673 என்பது முப்பது வருஷத்துக் கூட்டுத்தொகை. அப்படிப்பட்ட எண் ஏறிக்கொண்டேதான் போகும், ஒருநாளும் இறங்காது. அதில் எத்தனை இனம் அங்கேயே பிறந்து வளர்ந்தது, எத்தனை போகிற வழியில் எட்டிப் பார்த்தது? "ஒரு தோட்டத்தில் 2,673 உயிரினங்கள் வாழ்கின்றன" என்று பகிர்கிறவர்கள் யாரும் இதைக் கேட்பதில்லை.

வேலிப்பருத்தி

"வாழ்கின்றன" என்று நான் எழுதவில்லை, "கிடைத்தவை" என்றுதான் எழுதினேன். ஆனாலும் உங்கள் கேள்வி சரியானது, பதில் சொல்கிறேன்.

அவருடைய முக்கியமான கருவி மலேஸ் பொறி. ரெனே மலேஸ் என்ற ஸ்வீடன்காரர் வடிவமைத்தது. கூடாரம் போன்ற வலை. நடுவில் செங்குத்தாக ஒரு வலைச் சுவர், மேலே ஒரு பக்கம் உயர்ந்து சரிந்த கூரை. பறந்து வரும் பூச்சி சுவரில் முட்டும். முட்டியதும் திரும்பிப் போகாது, பெரும்பாலும் வெளிச்சத்தை நோக்கி மேலே ஏறும். கூரையின் உச்சி மூலையில் ஒரு துளை, அதன் வாயில் புட்டி. இதில் விளக்கோ பழமோ வைத்து எதையும் வரவழைப்பதில்லை, அந்தப் பக்கமாகப் பறப்பது மட்டும்தான் விழும். கடந்துபோகும் பூச்சிகளும் விழத்தான் செய்யும். ஆனால் ஒரே மாதிரிப் பொறியை ஒரே முறையில் வைத்தால் வெவ்வேறு இடங்களை ஒப்பிட முடியும்.

அப்படித்தான் ஒப்பிட்டார்கள். 1974-ல் ஓவன் தம்பதியர் நேச்சர் இதழில் எழுதிய கட்டுரை அது. லெஸ்டர், ஸ்வீடனின் ஸ்கோனே, உகாண்டாவின் கம்பாலா, சியரா லியோனின் ஃப்ரீடவுன் ஆகிய இடங்களில் மலேஸ் பொறியில் விழுந்த இக்நியூமோன் குளவிகளை எடுத்துக்கொண்டார்கள். பெரும்பாலும் பிற பூச்சிகளின் புழுக்களில் முட்டையிட்டு, அவற்றையே தின்று வளரும் ஒட்டுண்ணிக் குளவிகள் இவை. வெப்பமண்டலம் என்றால் எல்லா உயிரும் அங்கேதான் வகைவகையாக இருக்கும் என்பது அன்றைய பொது நம்பிக்கை. இந்தக் குளவிகளின் விஷயத்தில் குளிர்நாடுகள் பின்தங்கவே இல்லை என்று தெரிந்தது. ஒரு வீட்டுத் தோட்டம் பாடநூல் கருத்தையே கேள்வி கேட்டிருக்கிறது. உங்களுக்கு இது பட்டியலா?

சிட்டு

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். "அதன் வாயில் புட்டி" என்று அக்கா சாதாரணமாகச் சொல்லிப் போய்விட்டார்கள். அந்தப் புட்டியில் இருப்பது பூச்சியைக் கொல்லும் மருந்து அல்லது ஆல்கஹால். ஆயிரக்கணக்கான பூச்சிகள் அதில் செத்திருக்கின்றன. உயிர்கள்மேல் அக்கறை என்று சொல்லிக்கொண்டு வருஷக்கணக்கில் கொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. படம் எடுத்து அடையாளம் காணலாமே?

வேலிப்பருத்தி

சிட்டு, பட்டாம்பூச்சிக்கும் தும்பிக்கும் நீ சொல்வது பெரும்பாலும் சரிப்படும். இக்நியூமோன் குளவிக்குச் சரிப்படாது. பிரிட்டனில் மட்டும் இவை 2,000 இனங்களுக்கு மேல். சிறகு நரம்புகளுக்கு நடுவே ஒரு குட்டிக் கட்டம் இருக்கிறதா இல்லையா, உணர்கொம்பில் எத்தனை கணு என்று நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தே பிரிப்பார்கள், அதுவும் அந்தக் குடும்பத்தையே ஆயுசு முழுக்கப் படித்த வல்லுநர்கள். அப்படிப் பார்த்ததில் அந்தத் தோட்டத்துக் குளவிகளில் நான்கு இனம் அறிவியலுக்கே புதியவை. தலைமுறை தலைமுறையாகப் பூச்சி சேகரித்த நாடு அது, அங்கேயே இந்த நிலைமை! பெயர் இல்லாத உயிர் அழிந்தால் அழிந்தது என்றுகூட யாருக்கும் தெரியாது. அங்கே கூடுகட்டும் நீலத் தலைச் சிட்டு ஒரு ஜோடி, குஞ்சுகளுக்காக ஒரே நாளில் நூற்றுக்கணக்கான புழுக்களைத் தூக்கிப் போகும். அதோடு பார்த்தால் பொறியில் விழுவதால் தோட்டம் காலியாகிவிடாது.

சிட்டு

பறவை பசிக்குத் தின்கிறது அக்கா, அதையும் இதையும் நான் ஒரே தட்டில் வைக்க மாட்டேன். பெயர் வைக்கக் கொல்ல வேண்டியிருக்கிறது என்றால், தேவையான அளவு மட்டும் என்று ஒரு வரம்பு வேண்டும். முப்பது வருஷம் தேவையா?

மண்வெட்டி

நான் தோட்டக்காரன், எனக்குத் தெரிய வேண்டியது வேறு. நம் மண்ணுச் செடி மட்டும் வையுங்கள், பட்டாம்பூச்சிக்காக ஒரு மூலையில் காஞ்சொறியை வளரவிடுங்கள் என்று எல்லாரும் சொல்கிறார்கள். ஓவன் தோட்டத்தில் அயல்நாட்டுப் பூச்செடிகளும் நிறைய இருந்தன, இல்லையா? அப்புறம் எப்படி இத்தனை பூச்சி?

கணியன்

மண்வெட்டி ஐயா, இதற்கு ஒழுங்கான பதில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்தில் கிடைத்தது. அங்கே 61 வீட்டுத் தோட்டங்களை எடுத்து ஆராய்ந்தார்கள். நாட்டுச் செடி எவ்வளவு, அயல் செடி எவ்வளவு என்பது பூச்சி எண்ணிக்கையைப் பெரிதாக மாற்றவில்லை. பரிந்துரைகளையும் சோதித்தார்கள். காஞ்சொறி வளர்த்த இடத்தில் பட்டாம்பூச்சி முட்டையிட வரவில்லை. பம்பிள் தேனீக்களுக்கு வைத்த கூட்டுப் பெட்டிகளும் காலியாகவே கிடந்தன. தனித்து வாழும் தேனீக்களுக்குக் கட்டிவைத்த குழல்கள் மட்டும் நன்றாகப் பயன்பட்டன. 61 தோட்டம் இருந்ததால்தான் இதைத் துணிந்து சொல்ல முடிகிறது. நான் கேட்பது இதைத்தான்.

வேலிப்பருத்தி

ஷெஃபீல்டு அருமையான வேலை, மறுக்கவில்லை. ஆனால் அது சில பருவங்களில் முடிந்தது. பூச்சிகள் குறைகின்றனவா என்று கேட்டால் அதனிடம் பதில் இல்லை.

கணியன்

அந்தக் கேள்விக்கு ஜெர்மனியின் கிரேஃபெல்ட் ஆய்வு இருக்கிறது, 2017-ல் வந்தது. பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் 63 இடங்கள், 27 வருஷம், அதே மலேஸ் பொறி. பறக்கும் பூச்சிகளின் மொத்த எடை 75 சதவீதத்துக்கு மேல் சரிந்திருந்தது. உலகமே திரும்பிப் பார்த்ததற்கு அந்த 63 இடங்களும் ஒரு காரணம்.

வேலிப்பருத்தி

அதன் அட்டவணையையும் பாருங்கள் சார். 63 இடங்களில் 37-ல் ஒரே ஒரு வருஷம்தான் பொறி வைத்தார்கள். அதிகபட்சம் நான்கு வருஷம், அதுவும் ஒரே ஓர் இடத்தில். இடம் மாறியதா காலம் மாறியதா என்று பிரிப்பதற்காகவே அவர்கள் அத்தனை கணக்குப் போட வேண்டியிருந்தது, விமர்சனமும் அங்கேதான் வந்தது. அவர்கள் பார்த்தது எடையை. ஓவனிடம் இருப்பது இனவாரியான பதிவு. ஹோவர்ஃப்ளையை எடுத்துக்கொள்ளுங்கள், தேனீ வேஷம் போட்டுக் காற்றில் அசையாமல் நிற்குமே, அந்த ஈ. பிரிட்டனில் இருக்கும் சுமார் 280 இனங்களில் 94 இனம் அந்த ஒரே தோட்டத்தில். எது எந்த வருஷம் வந்தது, எது வராமல் போனது என்று பார்க்கலாம். ஒரே இடத்தில் முப்பது வருஷம் இருந்து எடுத்த பதிவு இது.

கணியன்

இனவாரிப் பதிவு என்பது வலுவான வாதம், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் 94 ஹோவர்ஃப்ளையில் எத்தனை அங்கே முட்டையிட்டது? பல இனங்களின் புழு அசுவினியைத் தின்று வளரும், சிலவற்றின் புழு அழுகிய நீரில் வளரும். அவரைச் செடியிலும் குட்டையிலும் புழுவைத் தேடி வளர்த்துப் பார்த்தால்தான் குடியிருப்பது எது, வழிப்போக்கன் எது என்று பிரியும். பறப்பதைப் பிடித்து எண்ணுவதோடு நின்றால் என் சந்தேகம் அப்படியே இருக்கும்.

வேலிப்பருத்தி

வழிப்போக்கனுக்கும் அன்றைக்குத் தேன் வேண்டும் சார். பிரிட்டனில் வீட்டுத் தோட்டங்கள் மட்டும் சுமார் 4.3 லட்சம் ஹெக்டேர் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். அடுத்தடுத்து நூறு தோட்டங்கள் இருந்தால் ஒரு ஈ எந்த வீட்டில் பிறந்தது, எந்த வீட்டில் தின்றது என்று பிரிப்பதில் எனக்குப் பெரிய அர்த்தம் தெரியவில்லை. அது பறந்த பாதை முழுக்க அதன் வீடுதான்.

மண்வெட்டி

இரண்டு பேர் சொல்வதிலும் எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. காஞ்சொறியைப் பிடுங்கிவிட்டுக் குழல் கட்டப் போகிறேன். சிட்டு, நீ கேட்ட வரம்புக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. கணியன், அது உங்கள் துறைதானே? மாதத்தில் எத்தனை நாள் பொறியைத் திறந்துவைத்தால் போதும் என்று கணக்குப் போட முடியாதா?

கணியன்

முடியும். வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் திறந்தால் அரிய இனங்கள் பல தவறிப்போகும், பொதுவான இனங்களின் ஏற்ற இறக்கம் ஓரளவு பிடிபடும். எந்தக் கேள்விக்காகப் பொறி வைக்கிறோம் என்று முதலில் முடிவு செய்தால் நாட்களைக் குறைக்கலாம். சிட்டு சொல்லட்டும், அதற்கு ஒப்புக்கொள்வாயா?

சிட்டு

கேள்வியை முதலில் எழுதிவைத்துவிட்டுப் பொறியைத் திறப்பதாக இருந்தால் யோசிக்கிறேன். கேள்வியே இல்லாமல் திறந்துவைப்பதற்கு இப்போதும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.